கவனமில்லாத பிள்ளை என்று எழுதும் முன்

மதிப்பெண் அட்டையின் அடியில், ஆசிரியர் குறிப்பு எழுதும் இடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி உண்டு: "பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை." பெற்றோர் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் கண்டிக்கிறார்கள். பிள்ளையும் இனிமேல் ஒழுங்காகக் கவனிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறது. அடுத்த பருவத்தில் அதே கையெழுத்தில் அதே வரி வந்து நிற்கிறது.

காய்ச்சலோடு போனவரிடம் ஒரு மருத்துவர் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் நாம் ஏற்றுக்கொள்வோமா? எப்போதிலிருந்து, எங்கே வலிக்கிறது, எதைச் சாப்பிட்டால் கூடுகிறது என்று கேட்காத மருத்துவரிடம் இரண்டாம் முறை போகமாட்டோம். பள்ளியிலோ "கவனமில்லை" என்ற சொல்லையே நோயின் பெயராகவும் காரணமாகவும் எடுத்துக்கொள்கிறோம். எந்தப் பாடவேளையில் கவனமில்லை? அந்த நேரத்தில் பிள்ளை என்னதான் செய்கிறது? அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்தது? பிறகு என்ன ஆயிற்று? இந்த நான்கு கேள்விக்கும் அந்த வரியில் பதில் இல்லை.

பள்ளிகளில் நடத்தை மதிப்பீடு எனப்படுவது இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலைப் பார்த்தபடி எழுதிவைத்து, அதிலிருந்து ஒரு காரணத்தை ஊகித்து, அந்த ஊகம் சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் முறை. பெயரைக் கேட்டதும் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடும் பழைய வழக்கம் பலருக்கு நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. ஒழுக்க மதிப்பெண் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. நடத்தை மதிப்பீடோ பிள்ளை உட்கார்ந்திருக்கும் சூழலைத் துருவுகிறது. நேர்மையாகச் செய்தால், முதலில் மாறவேண்டியது கொடுக்கும் வேலையும் அதைக் கொடுக்கும் விதமும்தான் என்று அது பல நேரங்களில் காட்டிவிடும். இந்த முறையின் மீது எனக்குள்ள மதிப்புக்கு அதுவே காரணம். பல பள்ளிகள் இதைச் செய்யத் தயங்குவதற்கும் அதுதான் காரணமோ என்று தோன்றுகிறது.

"ஈடுபாடு" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2004இல் ஜெனிஃபர் ஃப்ரெட்ரிக்ஸ், ஃபிலிஸ் புளுமென்ஃபெல்ட், ஆலிசன் பாரிஸ் ஆகிய மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது, ஈடுபாட்டில் மூன்று இழைகள் இருப்பதாகச் சொன்னார்கள். செயலில் தெரிவது ஒன்று, உணர்வில் இருப்பது இன்னொன்று, சிந்தனையில் நிகழ்வது மூன்றாவது. கண்ணுக்குத் தெரிவது முதல் இழை மட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து கரும்பலகையையே பார்க்கும் பிள்ளை மனத்தளவில் வேறெங்கோ இருக்கலாம். நோட்டின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை ஆசிரியர் சொல்வதை ஒன்றுவிடாமல் உள்வாங்கிக்கொண்டிருக்கலாம். வகுப்பைக் குலைக்கும் மாணவனுக்காக மட்டும் மதிப்பீட்டைக் கூப்பிடும் பள்ளிகளில் மிகவும் நஷ்டப்படுவது, யாருக்கும் தொந்தரவு தராமல் மூன்று ஆண்டுகள் ஜன்னலைப் பார்த்தே கழித்துவிடும் அமைதியான பிள்ளை. அதன் பெயர் எந்தப் புகார்ப் பட்டியலிலும் வருவதில்லை.

நோக்கல், அதாவது வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பது, எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஷபிரோ வகுப்பறைகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார். நோக்குபவர் வகுப்பின் பின்பக்கம் ஒரு நாற்காலியில் தாளோடு உட்காருகிறார். 15 நொடிக்கு ஒருமுறை அவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சமிக்ஞை ஒலிக்கிறது. ஒலித்த அந்தக் கணத்தில் மாணவனைப் பார்க்கிறார். எழுதிக்கொண்டோ பதில் சொல்லிக்கொண்டோ இருந்தால் முனைப்பான ஈடுபாடு. கேட்டுக்கொண்டோ வாசிப்பைக் கண்ணால் தொடர்ந்துகொண்டோ இருந்தால் அமைதியான ஈடுபாடு. அடுத்த சமிக்ஞை வரும்வரை மாணவன் எழுந்தானா, பேசினானா, சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தானா என்பதைத் தனியாகக் குறிக்கிறார். ஒவ்வொரு ஐந்தாவது முறையும் அந்த மாணவனை விட்டுவிட்டு வகுப்பில் வேறொரு பிள்ளையைப் பார்க்கிறார். 15 நிமிடத்தில் 60 கட்டங்கள் நிரம்பும். அவற்றில் 48 அவனுடையவை, 12 மற்றவர்களுடையவை.

அந்தப் பன்னிரண்டு கட்டங்களில்தான் முறையின் உயிர் இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, மாணவன் தன் 48 கட்டங்களில் 26இல் ஈடுபட்டிருந்தான் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குச் சற்றே மேல். மோசம் என்று சொல்லத் தோன்றும். மற்றவர்களின் 12 கட்டங்களில் 7இல்தான் ஈடுபாடு இருந்தது என்றால், அவர்களும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருக்கிறார்கள். அப்போது சிக்கல் அவனுடையது என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பாடவேளையே வகுப்பைப் பிடித்து நிறுத்தவில்லை. அவன் கொஞ்சம் சத்தமாகச் சலித்துக்கொண்டான், அவ்வளவுதான். ஒப்பிட ஆளில்லாமல் ஒரு பிள்ளையை மட்டும் குறித்து வைக்கும் பதிவேடு, என்னைப் பொறுத்தவரை, அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

குறிக்கும் விதத்திலும் கண்ணி இருக்கிறது. "இந்த 15 நொடிக்குள் ஒருமுறையாவது பேசினால் குறி" என்று விதி வைத்தால், இரண்டு நொடிக் கிசுகிசுப்பும் முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். பேச்சு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். "15 நொடியும் முழுதாக ஈடுபட்டிருந்தால்தான் குறி" என்று வைத்தால், ஒரு கணம் தலையைத் திருப்பியதற்காக மீதி நேரமும் கணக்கில் இருந்து போய்விடும். ஈடுபாடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஒரே பிள்ளை, ஒரே மணி நேரம், இரண்டு வேறு சித்திரங்கள். அதனால்தான் எந்த விதியில் குறித்தார்கள் என்று கேட்காமல் ஒரு சதவீதத்தை நம்பக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியே நோக்கி, அவர்களுடைய தாள்கள் குறைந்தது 80 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பது இந்தத் துறையின் வழக்கம்.

எவ்வளவு நேரம் என்பதைத்தான் இந்த எண்ணிக்கை சொல்லும். ஏன் என்பதைக் கண்டுபிடிக்க, நடத்தைக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சேர்த்து எழுத வேண்டும். கற்பனையாக ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பாடவேளை. 10.10க்கு ஆசிரியர் வாக்கியக் கணக்குகள் உள்ள தாளைக் கொடுக்கிறார். 10.12க்கு மாணவன் தாளில் தன் பெயரை எழுதுகிறான், முதல் கணக்கைப் பார்க்கிறான். 10.13க்குப் பென்சில் முனை ஒடிகிறது, சீவுவதற்கு எழுந்து போகிறான். 10.16க்குத் திரும்பி வந்து பக்கத்திலிருப்பவனின் அழிப்பானை எடுத்து மேசைக்கடியில் போடுகிறான். 10.17க்கு ஆசிரியர் பெயர் சொல்லி அதட்டுகிறார். 10.19க்கு மறுபடியும் அதே சேட்டை, "வெளியே போய் நில்." பாடவேளை முடியும்வரை அவன் தாழ்வாரத்தில் நிற்கிறான். தாளில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது.

ஆசிரியரின் கணக்கில் இது தண்டனை. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால், புரியாத ஒரு தாளிலிருந்து பத்தே நிமிடத்தில் கிடைத்த விடுதலை. இதே தாழ்வாரம் நாளைக்கும் திறந்திருக்கும் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். நான்கு நாள் பதிவை அடுக்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியக்கூடும். வெறும் கூட்டல் கழித்தல் தந்த நாளில் அவன் எழுந்திருக்கவே இல்லை, வாக்கியக் கணக்கு வந்த மூன்று நாளும் பென்சில் ஒடிந்தது. அப்படியென்றால் அவனுக்குத் தடையாக இருப்பது கணக்கா, வாசிப்பா? இப்போதுதான் ஊகத்தைச் சோதிக்க வேண்டும். அதே வாக்கியக் கணக்குகளை ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்டினால் அவன் போட்டுவிடுகிறானா என்று பார்க்கலாம். போட்டுவிட்டால், "கணக்கு வகுப்பில் சேட்டை" என்று இத்தனை நாள் எழுதப்பட்டது உண்மையில் மொழிப்பாடத்தில் கிடைக்காமல் போன ஓர் உதவி.

இந்த முறையின் பெயர் செயல்நோக்கு நடத்தை மதிப்பீடு. ஒரு நடத்தை அந்தப் பிள்ளைக்கு எதைப் பெற்றுத் தருகிறது, எதிலிருந்து தப்பிக்க உதவுகிறது என்று கேட்பதால் அந்தப் பெயர். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1953இலேயே இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டார். பிள்ளைகளிடம் அது என்ன செய்யும் என்பதைத் தெளிவாகக் காட்டியது எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. வளர்ச்சிக் குறைபாடு உள்ள சில பிள்ளைகளின் சேட்டை, பெரியவர்கள் தங்களைக் கவனிக்காதபோது அதிகமானது. வேறு சிலருடைய சேட்டை, வேலை கடினமானபோது அதிகமானது. முதல் வகையினருக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுத்தந்தார்கள். இரண்டாம் வகையினருக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுத்தந்தார்கள். சேட்டை குறைந்தது. இதில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. தன் தேவைக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொண்டபோது அதே பிள்ளையிடம் மாற்றம் வரவில்லை. வேலை கடினமாக இருப்பதால் குழம்பும் பிள்ளையிடம் போய் "சபாஷ்" என்று எத்தனை முறை சொன்னாலும் பலன் கிடைக்காது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

1991இல் க்ளென் டன்லப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என் மனத்தில் அடிக்கடி வரும். கடுமையான நடத்தைச் சிக்கல்கள் உள்ள 12 வயதுச் சிறுமி அவள். அவளைப் பல நாள் நோக்கியவர்கள் நான்கு ஊகங்களை எழுதினார்கள். நுணுக்கமான கைவேலையைவிட உடம்பை அசைத்துச் செய்யும் வேலையில் அவள் நன்றாக இருக்கிறாள். கைவேலை நீளமாக இல்லாமல் சுருக்கமாக இருந்தால் தாங்குகிறாள். செய்து முடித்ததும் கையில் ஒரு பயனுள்ள பொருளோ விளைவோ கிடைக்கும் வேலையை விரும்புகிறாள். எதைச் செய்வது என்று தானே தேர்ந்தெடுக்கும்போது ஒத்துழைக்கிறாள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துவிட்டு, அதன்படி அவளுடைய நாள் முழுவதற்குமான பாடத்தையே திருத்தி அமைத்தார்கள். பாட நோக்கம் கைவிடப்படவில்லை, அதற்குப் போகும் வழிதான் மாறியது. சிக்கலான நடத்தை ஏறக்குறைய மறைந்தது, வேலையில் ஈடுபடும் நேரம் கூடியது. அந்தச் சிறுமியைத் திருத்தியவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. அவளுடைய கால அட்டவணையைத்தான் திருத்தினார்கள்.

நோக்கலில் ஆசிரியரும் அகப்படுவார். அது சங்கடமான இடம், தவிர்க்கவும் கூடாது. 1968இல் ஹால், லண்ட், ஜாக்சன் ஆகியோர் தொடக்க வகுப்புகளில் ஆறு மாணவர்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். மாணவன் படிக்கும்போது ஆசிரியர் அருகில் போய் ஒரு வார்த்தை பேசினால் படிக்கும் நேரம் கூடியது. படிக்காதபோது மட்டும் கவனித்தால் அது குறைந்தது. அதே ஆண்டு மேட்ஸன், பெக்கர், தாமஸ் ஆகியோர் விதிகளை மட்டும் சுவரில் எழுதிவைத்து வாசித்துக் காட்டுவதால் பெரிய பலன் இல்லை என்று கண்டார்கள். சிறு சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் நல்லதைப் பாராட்டுவதும் சேர்ந்தபோதுதான் வகுப்பு மாறியது. அரை நூற்றாண்டு தாண்டியும் விதிகள் எழுதிய அட்டைகளைச் சுவரில் மாட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். ஆசிரியர் கெட்டவர் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளின் நடுவே சத்தம் வரும் பக்கம் தலை தானாகவே திரும்பும். அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கம் திரும்புவதற்குத்தான் பயிற்சி வேண்டும். ஒரு பாடவேளையில் எத்தனை முறை பாராட்டினோம், எத்தனை முறை அதட்டினோம், எத்தனை பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்புத் தந்தோம் என்று சக ஆசிரியர் ஒருவரைக் குறிக்கச் சொல்லிப் பார்த்தாலே பல விஷயங்கள் புரிந்துவிடும். கேள்விக்கு ஒருவர் கை தூக்க மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வகுப்பும், எல்லாரும் சிறு பலகையில் பதிலை எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டும் வகுப்பும் ஈடுபாட்டில் ஒன்றாக இருக்க வழியில்லை.

நோக்கலுக்குப் பதிலாகவோ துணையாகவோ வினாநிரல்களும் பயன்படுகின்றன. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட பலங்கள் மற்றும் சிரமங்கள் வினாநிரல் 25 கூற்றுகள் மட்டுமே கொண்டது. ஆசிரியரோ பெற்றோரோ சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சல்லடை போடுவதற்கு இவை நல்லவை. ஆனால் அவற்றில் கிடைக்கும் எண்ணை ஒரு பிள்ளையின் முதுகில் ஒட்டிவிடக் கூடாது. 1987இல் தாமஸ் ஆக்கென்பாக்கும் அவருடைய சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அப்பாவும் அம்மாவும் போல ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கும் இருவரின் மதிப்பீடுகளுக்கு இடையே ஒட்டுறவு எண் (முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) சராசரியாக 0.60 இருந்தது. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்களுக்கு இடையே அது 0.28ஆக இறங்கிவிட்டது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று இதைப் படிக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் ஒரு விதமாகவும் வகுப்பில் ஒரு விதமாகவும் இருக்கிறது. "வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று சொல்லும் தாயை நம்பாமல் பார்க்கும் பள்ளி, கையில் கிடைத்த மிக நல்ல தடயத்தைத் தூக்கி எறிகிறது. வீட்டில் எது அவனுக்கு ஒத்துப்போகிறது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சொற்களில் ஒளிந்திருக்கும் பாரபட்சம் இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் ரஸ்ஸல் ஸ்கிபாவும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை இன மாணவர்கள் புகைபிடித்தல், பொருள்களைச் சேதப்படுத்துதல் போல யாரும் பார்த்து உறுதிசெய்யக்கூடிய காரணங்களுக்காகவே அதிகமாக ஒழுங்கு நடவடிக்கைக்குப் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பின மாணவர்கள் மரியாதையின்மை, அதிகச் சத்தம் போல ஆசிரியரின் மனத்தைப் பொறுத்த காரணங்களுக்காக அதிகமாக அனுப்பப்பட்டார்கள். "திமிர்", "அடங்காதவன்", "மரியாதை தெரியாதவள்" போன்ற சொற்கள் பதிவேட்டில் இருக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். "ஆசிரியர் கேள்வி கேட்டபோது பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள்" என்று எழுதினால் இருவர் அதைச் சரிபார்க்கலாம். "திமிராக நடந்தாள்" என்று எழுதினால் அதில் பிள்ளையைவிட எழுதியவர்தான் அதிகம் தெரிவார்.

கேமராவும் மென்பொருளும் இந்த வேலையை எளிதாக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு பள்ளி 2018இல் மாணவர்களின் முகபாவத்தைப் படிக்கும் கேமராக்களை வகுப்பறையில் பொருத்தியபோது உலகம் முழுவதும் விவாதம் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் தவிர கல்வி நிலையங்களில் உணர்ச்சிகளை ஊகிக்கும் கருவிகளுக்குத் தடை விதித்திருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்தத் தடை சரியானது. முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லிவிடலாம் என்பதற்கே அறிவியல் ஆதாரம் பலவீனம். அதோடு, நாள் முழுவதும் தன்னை ஒரு கண் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிள்ளை முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

சட்டம் இந்த மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய இடத்திலும் ஒரு படிப்பினை இருக்கிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கல்விச் சட்டத்தில் 1997இல் செய்யப்பட்ட திருத்தம், ஒழுங்கு நடவடிக்கையாக ஒரு மாணவரை 10 பள்ளி நாட்களுக்கு மேல் வெளியேற்றும் சூழலில் செயல்நோக்கு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் கட்டம் வருவதற்குள் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையே மனக்கசப்பு முற்றிவிட்டிருக்கும். அந்த நேரத்தில் மதிப்பீடு நிரப்பவேண்டிய ஒரு படிவமாகச் சுருங்குவது எளிது. முதல் மாதத்தில் பென்சில் ஒடியும்போதே பார்க்கவேண்டியதைப் பத்தாவது நாள் வெளியேற்றத்தில் பார்க்கிறோம்.

எதையும் தொடங்கும் முன் கண்ணும் காதும் தூக்கமும் பசியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளைக்குக் கருதுகோள் எழுதிப் பயனில்லை, கண்ணாடி வேண்டும். வீட்டில் இழப்போ வன்முறையோ நடந்திருந்தால் அதற்கான கதவு வேறு. நோக்கல் தாள் அந்தக் கதவை மறைத்துவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா நாளும் இது சாத்தியமே இல்லை. ஒரு பிள்ளை, ஒரு பாடவேளை, நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்கு இன்னோர் ஆசிரியர் வந்து உட்காரத் தலைமையாசிரியர் வழிசெய்ய வேண்டும். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து இரண்டு வாரம் கழித்து அதே தாளை மீண்டும் நிரப்ப வேண்டும். இரண்டு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். எண் அசையவில்லையென்றால் ஊகம் தவறு என்று ஒப்புக்கொண்டு அடுத்த ஊகத்துக்குப் போக வேண்டும்.

அந்த நான்கு நாட்களுக்குள் எப்போதாவது, மற்ற பிள்ளைகள் இல்லாத ஒரு நேரத்தில், அந்த மாணவனின் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியக் கணக்குத் தாளை அவன் முன் வைக்க வேண்டும். ஏன் சேட்டை செய்கிறாய் என்று கேட்டால் பதில் வராது. "எந்த இடம் வரைக்கும் உனக்குச் சுலபமாக இருக்கிறது, விரலை வைத்துக் காட்டு" என்று கேட்கலாம். விரல் அவன் பெயருக்கு அடுத்த வரியிலேயே நின்றுவிட்டால், நாளைய தாளை அங்கிருந்து தொடங்கி எழுதலாம்.